அம்மாவுக்கு தலைசுத்தல் நின்னுடுச்சு, விழுறது நிக்கல: திருச்சி பேலன்ஸ் கிளினிக், 12 வாரம் போய் வந்த அனுபவம்

முதல்ல ஸ்டார் விஷயத்தை முடிச்சிடுறேன், 5க்கு 4. அந்த ஒன்னை குறைச்சது டாக்டருக்கோ பிசியோவுக்கோ இல்ல, மாடிப்படிக்கு, அதை கீழ சொல்றேன். தலைசுத்தல்னு தேடி இங்க வந்திருக்கீங்கன்னா கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமாதான் எழுதப்போறேன், ஏன்னா நாங்க அஞ்சு மாசம் தப்பான வழியில அலைஞ்சோம், அந்த அஞ்சு மாசம் வேற யாருக்காவது மிச்சமாச்சுன்னா அதுவே போதும் எனக்கு.

அம்மாவுக்கு 67 வயசு. ஸ்ரீரங்கத்துல தனியா இருக்காங்க, நான் ரெண்டு தெரு தள்ளி. போன வருஷம் ஐப்பசியில ஒரு நாள் விடிகாலை போன் பண்ணி "வீடே சுத்துதுடி, வா"ன்னாங்க, ஓடிப்போய் பார்த்தா கட்டிலை ரெண்டு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கண்ணைத் திறக்க முடியாம வாந்தி எடுத்துட்டு இருக்காங்க, எழுப்பி உக்கார வச்சா வலது பக்கமா அப்படியே சாயுறாங்க. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம், மூளை ஸ்கேன் நார்மல், பிபி நார்மல், சுகர் நார்மல். மூணு நாள்ல சுத்துறது அடங்கிடுச்சு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க, ஆனா அந்த மாத்திரையை எப்ப நிறுத்தணும்னு யாருமே சொல்லல, நாங்களும் கேக்கல. அப்புறமும் அம்மா நடக்கும்போது தள்ளாடுறாங்கன்னு வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம், அவர் கழுத்துல எக்ஸ்ரே எடுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லி காலர் மாட்டி விட்டார். அந்த வயசுல யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும்னு பின்னாடிதான் எங்களுக்கு தெரிஞ்சுது. சொந்தக்காரங்க எல்லாரும் பித்தம்னாங்க, எலுமிச்சம்பழம் தலையில தேய்ச்சாங்க, சுக்கு மல்லி காபி போட்டாங்க, எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு.

பங்குனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேச்சு குளிக்க போனாங்க. தலைக்கு சீயக்காய் போட்டுட்டு கண்ணை மூடி குனிஞ்சு சொம்புல தண்ணி மொண்டு ஊத்தும்போது விழுந்து இடது மணிக்கட்டு ஒடஞ்சுடுச்சு. அப்ப தலை சுத்துச்சாம்மான்னு கேட்டேன். "இல்லடி, சுத்தவே இல்ல, நின்னுட்டு இருந்தேன், அடுத்த நிமிஷம் தரையில கிடக்குறேன்"ன்னாங்க. இந்த ஒரு பதில்தான் எங்களுக்கு விஷயத்தையே புரிய வச்சுது, அதுவும் இந்த கிளினிக் வந்து உக்காந்த பிறகுதான்.

ஆபீஸ்ல கூட வேலை பார்க்குறவங்க சொல்லி இங்க வந்தோம். ஒரு ஈஎன்டி டாக்டர், ஒரு ஆடியாலஜிஸ்ட் (காது கேக்குறதையும் பேலன்ஸையும் டெஸ்ட் பண்றவங்க), ரெண்டு பிசியோ, எல்லாம் ஒரே இடத்துல. முதல் நாள் ஒரு ஃபார்ம் கொடுக்குறாங்க, அந்த ஃபார்முக்கே தனியா ஒரு ஸ்டார் கொடுக்கலாம். தலை சுத்துதான்னு எல்லாரும் கேக்குறாங்க, இவங்க கேட்ட கேள்வி வேற. கடைசி ஆறு மாசத்துல எத்தனை தடவை விழுந்தீங்க? விழப் போய் எதையாவது பிடிச்சு தப்பிச்சது எத்தனை தடவை? ராத்திரி பாத்ரூம் போகும்போது எதை பிடிச்சுக்கிட்டு போறீங்க? பயந்துக்கிட்டு எந்தெந்த வேலையை விட்டுட்டீங்க? நான் பேனாவை எடுத்து 1ன்னு எழுதப் போனேன், அம்மா என் கையைப் பிடிச்சு மெதுவா "நாலு"ன்னாங்க. மணிக்கட்டு ஒடஞ்சது நாலாவது தடவை. முதல் மூணும் என்கிட்ட சொல்லவே இல்ல, சொன்னா தனியா இருக்க விட மாட்டேன்னு பயம். கொல்லையில ஒரு தடவை, கரண்ட் போன ராத்திரி ஒரு தடவை, பக்கத்து வீட்டு கல்யாணத்துல மணல் மேல கார்பெட் விரிச்சிருந்தாங்களே அதுல ஒரு தடவை. அந்த இடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. உங்க வீட்டுலயும் பெரியவங்க இருந்தா இந்தக் கேள்வியை இன்னைக்கே கேளுங்க, திட்ட மாட்டேன்னு சொல்லிட்டு கேளுங்க.

ஆடியாலஜிஸ்ட் பொண்ணு இந்த நாலு சம்பவத்தையும் வரிசையா எழுதி வச்சுட்டு, இதுல என்ன பொதுவா இருக்குன்னு பாருங்கன்னு எங்களையே யோசிக்க வச்சாங்க. மனுஷன் நிமிர்ந்து நிக்கிறதுக்கு மூணு இடத்துலேர்ந்து மூளைக்கு சேதி போகுது, கண்ணு, பாதம், அப்புறம் உள்காது. கொத்தனார் வச்சிருக்க ரசமட்டம் மாதிரி உள்காதுல தண்ணி நிறைஞ்ச மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு அது சொல்லும், பக்கத்துலயே ரெண்டு சின்ன பையில சுண்ணாம்புத் துகள் மாதிரி பொடி இருக்கு, தலை எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அது சொல்லும். அம்மாவுக்கு ஐப்பசியில வந்தது வலது காது நரம்புல வீக்கம், வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ், பெரும்பாலும் வைரஸ்னாலதான் வருதுன்னு நினைக்கிறாங்களாம். அந்த நரம்பு முழுசா திரும்பி வரல. ரெண்டு மாட்டு வண்டியில ஒரு மாடு மட்டும் இழுத்தா வண்டி எப்படி ஒரு பக்கமா ஓடும், அப்படிதான் அம்மா வலது பக்கம் சாஞ்சதும். சரி, ஒரு காது போனாலும் கண்ணும் பாதமும் தாங்கிப் பிடிக்கும், வெளிச்சத்துல கெட்டித் தரையில நடந்தா வெளிய ஒன்னுமே தெரியாது. ஆனா கண்ணை மூடிட்டு ஈரத்தரையில தலைக்கு ஊத்துறப்போ? கரண்ட் போனப்போ? மணல்ல? கண்ணு இல்ல, இல்லன்னா பாதம் ஏமாத்துது, மிச்சம் இருக்கிறது அந்தக் காது ஒன்னுதான், அதுதான் பழுது. அதனாலதான் சுத்தாமலே விழுந்தாங்க.

"எனக்கு காது நல்லாதானே கேக்குது பாப்பா"ன்னு அம்மா கேட்டாங்க. கேக்குற நரம்பும் பேலன்ஸ் நரம்பும் பக்கத்து பக்கத்துல ஓடுதே தவிர ரெண்டும் வேற வேறம்மா, ஒன்னு பழுதாகி இன்னொன்னு நல்லா இருக்கலாம்னு சொன்னாங்க. கேக்குறதும் சேர்ந்து ஏறி இறங்கி, காதுல இரைச்சல், அடைப்பு, மணிக்கணக்குல சுத்தல்னு வந்தா அது மெனியர்ஸ், அது வேற வியாதியாம்.

டெஸ்ட் பத்தி சொல்லணும், ஏன்னா பெரியவங்க பயப்படுவாங்க. ரெண்டு நாள் முன்னாடியே தலைசுத்தல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிடுறாங்க, பிபி சுகர் மாத்திரை எல்லாம் வழக்கம்போல போடணும். முதல்ல டாக்டர் அம்மாவை உக்கார வச்சு, தலையை 45 டிகிரி திருப்பி சட்டுன்னு சாய்ச்சு கண்ணைப் பார்த்தார், டிக்ஸ் ஹால்பைக்னு பேரு, அந்தப் பொடி இடம் மாறி குழாய்க்குள்ள விழுந்திருந்தா இதுல தெரிஞ்சிடும். அம்மாவுக்கு அது இல்ல. அடுத்தது இறுக்கமா ஒரு கண்ணாடி மாட்டி, சுவத்துல ஒரு புள்ளியை பார்க்கச் சொல்லி தலையை சின்னதா வெடுக் வெடுக்னு திருப்புறாங்க. நம்ம தலை திரும்பும்போது கண்ணு அதே வேகத்துல எதிர்ப்பக்கம் திரும்பி பார்வையை அசையாம பிடிக்கணும், அதைத்தான் அளக்குறாங்க. கண்ணு தலைக்கு முழுசா ஈடுகொடுத்தா 1, நல்லா இருக்கவங்களுக்கு 0.8க்கு மேல வரணுமாம், அம்மாவுக்கு இடது 0.9, வலது 0.45. நடந்துட்டே கடை போர்டு படிக்க முடியலன்னு அம்மா ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, அதுக்கும் காரணம் இதுதான், தெரியாம நாங்க கண்ணு டாக்டர்கிட்ட போய் புது கண்ணாடி போட்டோம், அந்தக் காசும் வீண். அப்புறம் காதுல 30 டிகிரி தண்ணியும் 44 டிகிரி தண்ணியும் விடுற டெஸ்ட், உடம்பு சூட்டுக்கு 7 டிகிரி கீழ, 7 டிகிரி மேல. இதுல கொஞ்ச நேரம் நல்லாவே சுத்தும், வயித்தை புரட்டும், லேசா சாப்பிட்டுட்டு போங்க, கூட ஒருத்தர் போங்க. ராபர்ட் பாரனிங்கிறவர் இந்தத் தண்ணி விஷயத்தை கண்டுபிடிச்சு உள்காது பத்தி ஆராய்ச்சி பண்ணினதுக்குத்தான் 1914க்கான நோபல் பரிசு வாங்கினாராம், சுவத்துல படம் மாட்டி வச்சிருக்காங்க.

கடைசியா பிசியோ ரூம். நாற்காலியிலேர்ந்து எழுந்து மூணு மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரணும், அம்மாவுக்கு 17 செகண்ட். 12 செகண்டுக்கு மேல போனாலே விழுற ஆபத்து இருக்குன்னு எடுத்துக்குறாங்க. அப்புறம் மெத்துன்னு ஒரு ஸ்பாஞ்சு மேல நின்னு கண்ணை மூடணும், 30 செகண்ட் நிக்கணும், அம்மா மூணாவது செகண்ட்லயே சாஞ்சுட்டாங்க, பிசியோ இடுப்புல பெல்ட் போட்டு பிடிச்சிருந்ததால விழல. அந்த மூணு செகண்டை பார்த்தப்போதான் எங்க வீட்டுக்காரருக்கு நிலைமையே உறைச்சுது, அதுவரைக்கும் அவர் அத்தை வீணா பயப்படுறாங்கன்னு சொல்லிட்டு இருந்தார்.

டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அமெரிக்காவுல 2001லேர்ந்து 2004 வரைக்கும் எடுத்த ஒரு பெரிய சர்வேல 40 வயசுக்கு மேல இருக்கவங்கள்ல 35 சதவீதம் பேருக்கு பேலன்ஸ்ல குறை இருந்துச்சாம், குறையோட தலைசுத்தலும் சேர்ந்து இருக்கவங்களுக்கு விழுற வாய்ப்பு 12 மடங்கு அதிகம். அந்த மாதிரி குறை இருக்கவங்கள்ல எவ்வளவு பேர் நம்ம தெருவுல கழுத்து காலரோட உக்காந்திருக்காங்களோன்னு நினைச்சேன்.

மாத்திரை பத்தி டாக்டர் தெளிவா பேசினார், இது எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. முதல் ரெண்டு மூணு நாள் வாந்தி சுத்தலுக்கு அந்த அடக்குற மாத்திரை தேவைதான், அதுக்கு மேல மாசக்கணக்குல போட்டா மூளை மந்தமாகி, ஒரு காதை வச்சு சமாளிக்க கத்துக்குறதே தள்ளிப் போகும், பெரியவங்களுக்கு தூக்கக் கலக்கம் வேற சேர்ந்து விழவும் வைக்கும். அஞ்சு மாசம் நாங்க வேளை தவறாம கொடுத்தோம். இதைப் படிச்சுட்டு யாரும் நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட எத்தனை நாளைக்குன்னு கேளுங்க, அவ்வளவுதான்.

இனி பயிற்சி. இங்க வாங்குற காசுக்கு உண்மையான மதிப்பு இதுலதான். 1940கள்ல இங்கிலாந்துல காதர்ன், குக்ஸின்னு ரெண்டு டாக்டர்ங்க ஆரம்பிச்ச பயிற்சியிலேர்ந்துதான் இதெல்லாம் வளர்ந்துச்சாம். எந்த இடத்துல தலை சுத்துதோ அந்த அசைவையே திரும்பத் திரும்ப கொஞ்சம் கொஞ்சமா பண்ண வைக்கிறாங்க, மூளை பழகிடும். வீட்டுல டெய்லி காலண்டரை கண்ணு மட்டத்துல மாட்டி, பெருசா இருக்க அந்தத் தேதியை பார்த்துக்கிட்டே தலையை இடவலமா ஆட்டணும், தேதி கலங்காம தெரியற வேகத்துல ஒரு நிமிஷம். அப்புறம் மேல கீழ ஒரு நிமிஷம். முதல்ல உக்காந்து, அடுத்து நின்னு, அடுத்து பாயை மடிச்சு போட்டு அது மேல நின்னு, பிறகு நடந்துக்கிட்டே. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 20 நிமிஷமாவது, மூணு நாலு வேளையா பிரிச்சு. பண்ணும்போது லேசா கிறுகிறுன்னு வரணும், வரலன்னா வேகம் பத்தல, கால் மணி நேரத்துக்கு மேலயும் அடங்கலன்னா அதிகமா பண்ணிட்டோம்னு அர்த்தம். முதல் ரெண்டு வாரம் அம்மா என்னைத் திட்டாத நாளே இல்ல, சும்மா இருந்தவளை திரும்ப சுத்த வச்சுட்டியேன்னு. அங்கதான் நிறைய பேர் விட்டுட்டு போயிடுறாங்கன்னு பிசியோ சொன்னாங்க. அந்தப் பொண்ணு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணி "அம்மா, இன்னைக்கு எந்தத் தேதியை பார்த்தீங்க?"ன்னு கேப்பாங்க, அம்மாவும் பரீட்சைக்கு படிச்ச புள்ளை மாதிரி பதில் சொல்லுவாங்க. அந்த போன் இல்லன்னா நாங்களும் விட்டிருப்போம்.

திரும்புறதை தனியா சொல்லிக் கொடுத்தாங்க, ஏன்னா நிறைய பேர் நேரா நடக்கும்போது விழல, யாரோ கூப்பிட்டாங்கன்னு சட்டுன்னு திரும்பும்போதுதான் விழுறாங்க. சித்திரை வீதி முனையில தேர் எப்படி நின்னு நிதானிச்சு திரும்பும், அப்படி திரும்புங்கம்மான்னு பிசியோ சொன்னாங்க, ஸ்ரீரங்கத்து ஆளுக்கு அதுக்கு மேல விளக்கம் வேணுமா. இப்ப நான் பின்னாலேர்ந்து கூப்பிட்டாக்கூட அம்மா "இரு, தேர் திரும்புது"ன்னுட்டு தான் திரும்புறாங்க.

வெயிட்டிங்ல ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார், படுத்து புரண்டா அரை நிமிஷம் சுத்தும், மூணு மாசமா வண்டியே எடுக்கலயாம். அவருக்கு அந்தப் பொடி குழாய்க்குள்ள போன கேஸ், எப்லின்னு ஒரு டாக்டர் 1992ல எழுதின முறையில தலையை அப்படி இப்படி திருப்பி புரட்டி உக்கார வச்சாங்க, பத்து நிமிஷ வேலை, அடுத்த வாரம் வந்தப்போ சுத்தலே இல்லன்னார். அதைப் பார்த்துட்டு அம்மாவுக்கும் அதையே பண்ணுங்கன்னு நான் கேட்டேன், இவங்களுக்கு அது பிரயோஜனப்படாதுன்னு மறுத்துட்டாங்க. காசுக்காக பண்ணிவிட்டிருக்கலாம், பண்ணல, அதுக்காகவே இந்த இடத்து மேல நம்பிக்கை வந்துச்சு. யூடியூப்ல பார்த்து வீட்டுல தலையை திருப்புறவங்க கவனிங்க, எந்த காது, எந்த குழாய்ன்னு தெரியாம பண்றதுல அர்த்தமில்ல.

வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க, ஆனா பாத்ரூம், படி, படுக்கை ரூம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. பார்த்துட்டு சொன்னதுல பாதி செலவே இல்லாத விஷயம். தலைக்கு நின்னுட்டு ஊத்தக் கூடாது, கால் வழுக்காத பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கணும். வாசல்லயும் பாத்ரூம் முன்னாடியும் கிடந்த மிதியடி ரெண்டையும் தூக்கச் சொன்னாங்க. கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ஆள் நடந்தா தானா எரியற லைட் ரெண்டு, கரண்ட் போனாலும் எரியற மாதிரி பேட்டரி உள்ளது. சுவத்துல ஸ்டீல் கைப்பிடி, அதை பிளம்பரை வச்சு டிரில் போட்டு அடிக்கணும், ஒட்டுற வகையை வாங்காதீங்க, ஆள் பாரத்துக்கு பிடுங்கிக்கிட்டு வந்துடும்னு சொன்னாங்க. மாடிப்படி இறங்கும்போது ரெண்டு பவர் இருக்க கண்ணாடியை கழட்டிடணும், கீழ்ப்பாதி வழியா பார்த்தா படி கலங்கும். கைத்தடிக்கு அம்மா ஒத்துக்கல, அழுத்திப் பிடிக்க வேண்டாம்மா, சுவத்துல விரல் நுனி பட்டா கூட மூளைக்கு ஒரு சேதி கூடுதலா போகும்னு சொன்னதும் சரின்னுட்டாங்க, வெளிய போனா இப்ப குடையை ஊனிக்குறாங்க.

12 வாரத்துல அந்த எழுந்து நடக்குற டெஸ்ட்ல 17 செகண்ட் 11 ஆச்சு. ஸ்பாஞ்சு மேல கண்ணை மூடி 22 செகண்ட். முழுசா 30 வரல, வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார், பழுதான நரம்பு பழுதானதுதான், மூளை அதை சுத்தி வழி கண்டுபிடிச்சிருக்கு, காய்ச்சல் வந்தாலோ தூக்கம் கெட்டாலோ கொஞ்ச நாள் திரும்ப தள்ளாடும், அப்ப பயிற்சியை கூட்டிக்கணும். அந்த நேர்மையும் எனக்கு பிடிச்சுது. சித்திரையிலேர்ந்து இதை எழுதுற இன்னைக்கு வரைக்கும் அம்மா விழல. ராஜகோபுரத்துக்கு கீழ நின்னு அண்ணாந்து பார்க்க முடியாம ஒரு வருஷமா தலையைக் குனிஞ்சுக்கிட்டே உள்ள போனவங்க, போன வாரம் என் தோள்ல கையை வச்சுக்கிட்டு 236 அடியையும் மேல வரைக்கும் பார்த்தாங்க.

இப்ப குறை. கிளினிக் முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, 21 படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் நடுவுல திரும்புற இடத்துல அறுந்து போகுது. நடக்கத் தள்ளாடுறவங்க மட்டுமே வர்ற இடத்துல இப்படி இருக்கலாமா? காலையில 10 மணிக்கு வழவழ டைல்ஸை ஈரத்துணி போட்டு துடைக்கிறாங்க, சரியா பேஷண்ட் வர்ற நேரம். ரெண்டையும் எழுதிக் கொடுத்திருக்கேன், துடைக்கிற நேரத்தை மாத்திட்டாங்க, படி அப்படியே இருக்கு. பயிற்சி ஷீட் இங்கிலீஷ்ல கொடுக்குறாங்க, அம்மாவால படிக்க முடியாது, நான் தமிழ்ல எழுதி ஒட்டினேன், அதை போட்டோ எடுத்துக்கிட்டாங்க, இனிமே வர்றவங்களுக்கு கிடைக்கும்னு நம்புறேன். சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும்.

செலவு: டாக்டர் 600, எல்லா டெஸ்ட்டும் சேர்த்து 3,800, பிசியோ ஒரு தடவைக்கு 450, வாரம் ஒன்னுதான் கூப்பிடுறாங்க, மிச்சம் வீட்டுல. மணிக்கட்டுக்கு நாங்க கட்டின பில்லுல பாதி கூட ஆகல.

ஒன்னு மட்டும், சுத்தலோட பேச்சு குழறினாலோ, ரெண்டு ரெண்டா தெரிஞ்சாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, நிக்கவே முடியலன்னாலோ, திடீர்னு தாங்க முடியாத தலைவலி வந்தாலோ இங்க அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, 108க்கு அடிச்சு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, பக்கவாதமா இருக்கலாம். ஒரு காது திடீர்னு கேக்காம போனாலும் அன்னைக்கே ஈஎன்டி பார்க்கணும்.

போறவங்க புதன்கிழமை காலையில போங்க, கூட்டம் குறைவு. வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணி படி ஏற ஆள் வேணும்னு சொன்னா கீழ வந்து கூட்டிட்டு போறாங்க, கேட்டாதான் வருவாங்க, அதனால கூச்சப்படாம கேளுங்க.